மலைச்சாலையும் பழைய வண்டியும்

தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் அந்தப் பிக்கப் வண்டி ஓடத் தொடங்கி இருபது ஆண்டுகளை நெருங்குகிறது. காய்கறித் தோட்டக்காரர் ஒருவரின் வண்டி அது. முட்டைக்கோசுக் கூடைகளைச் சுமந்தே அதன் வாழ்நாளில் பெரும்பகுதி கழிந்துவிட்டது. 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தபோது, "வண்டியின் மூளையை மாற்றி எழுதிவிடலாம் அப்பா, எண்ணெயும் மிஞ்சும், இழுவையும் கூடும்" என்றான் மகன். இல்லையேல் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவதாகவும் சொன்னான். தந்தையின் கலக்கம் எண்ணெயைப் பற்றியது மட்டுமன்று என்பதை அவன் அறிந்தானோ, இல்லையோ!

இந்த வகை இயந்திரத்தில் எவ்வளவு டீசலை, எந்த நொடியில், எந்த அழுத்தத்தில் பீய்ச்ச வேண்டும் என்பதை ஒரு சிறு கணினி முடிவு செய்கிறது. அந்தக் கணக்கைத் திருத்தினால் வலிமை கூடும். ஆனால் கூடுதல் டீசல் எரியக் கூடுதல் காற்று வேண்டும். தானா ராத்தாவின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்கென எழுதிய கணக்கை மலையில் பாரமேற்றி ஓட்டினால் கரும்புகை எழும். புகைபோக்கியின் வெப்பம் ஏறும். பிஸ்டனும் டர்போவும் அதற்கு விலை கொடுக்கும்.

முதலில் பார்த்தவர் குதிரைத்திறனைப் பற்றி மட்டுமே பேசினார். ஆயத்தமாக வைத்திருந்த கணக்கை அரைமணி நேரத்தில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார். மற்றொருவர் ஒரு சிறு பெட்டியைக் காட்டினார். டீசல் அழுத்தம் குறைவென்று கணினியை நம்பவைத்து, அதனை உயர்த்தச் செய்யும் பெட்டி அது. பொய் சொல்லி வேலை வாங்கும் கருவி! மகனுக்கு அதன் மலிவு பிடித்திருந்தது.

மூன்றாமவர் விலையே சொல்லவில்லை. "எவ்வளவு பாரம் ஏற்றுவீர்கள் ஐயா? கிளட்ச் எப்போது மாற்றியது? எந்த வளைவில் இழுவை விடுகிறது?" என்று கேட்டுக்கொண்டே போனார். பிறகு நான்கு இன்ஜெக்டர்களிலிருந்தும் திரும்பி வரும் டீசலை நான்கு புட்டிகளில் பிடித்தார். மூன்றாவது புட்டி மட்டும் விரைந்து நிரம்பியது.

"இதை மாற்றாமல் நான் கணக்கில் கை வைக்க மாட்டேன்."

மகன் முகம் சுளித்தான். செலவும் கூடியது; நாளும் தள்ளிப்போயிற்று. எனினும் தந்தை அன்றே முடிவு செய்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவரிடம் வண்டியை ஒப்படைப்பதில் அவருக்குத் தயக்கமில்லை.

இன்ஜெக்டர் மாற்றப்பட்டது. பழைய கணக்கின் படியொன்றைப் பத்திரப்படுத்திவிட்டு, புகைபோக்கியில் வெப்பமானி பொருத்தி, கூடைகளோடு வண்டியை அவரே ரிங்லெட் வரை ஓட்டிச் சென்று எழுதினார். பழைய கிளட்ச் தாங்க வேண்டுமென்று தாழ்ந்த வேகத்தில் இழுவையைக் கட்டுப்படுத்தினார். முதலாமவர் சொன்ன வலிமையில் பாதிதான் கிடைத்தது. "எண்ணெய் மிஞ்சினால் பெரும்பாலும் அது புது இன்ஜெக்டரால்தான், என்னைப் புகழாதீர்கள்" என்றார். இப்படிச் சொல்லும் தொழிலாளர் எத்தனை பேர் இருப்பர்?

மறுநாள் விடியுமுன் மகன் ஓட்டினான். தந்தை பக்கக் கண்ணாடியில் புகையைத் தேடிக்கொண்டே வந்தார். கூர்வளைவு ஒன்றில் வழக்கமாக முதல் கியருக்கு இறங்கும் கை, இரண்டாவதிலேயே நின்றது. மகன் ஒன்றும் பேசவில்லை. சந்தையில் கூடைகளை இறக்கிய பின், "நாளைக்கு இன்னும் பத்துக் கூடை ஏற்றலாமா அப்பா?" என்று கேட்டான்.

"எட்டு போதும்" என்றார் அவர்.