சால்னா போட்ட கோடுகள்!

எங்க ஊர் நாட்றம்பள்ளி. சென்னை - பெங்களூரு ஹைவேயில் வாணியம்பாடி தாண்டினதும் தூங்காம இருந்தீங்கன்னா எங்களைப் பார்க்கலாம். 2019-ல் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிஞ்சு திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயிட்டோம். ஆனா அடையாளம் மாறலை. ஆம்பூர், வாணியம்பாடி, நாங்க... எல்லாமே தோல் ஏரியா! தெருவுக்குப் பத்து பேராவது தோல் கம்பெனி, ஷூ கம்பெனின்னு போயிட்டு வருவாங்க.

எங்க வீட்டில் அது மாமா. 'செலக்‌ஷன்'ல வேலை. அதாவது, பதப்படுத்தின தோலை வெளிச்சத்தில் விரிச்சு, முள் கிழிச்சிருக்கா, உண்ணி கடிச்ச தழும்பு இருக்கான்னு பார்த்து கிரேடு பிரிக்கிற வேலை. ஆடு உயிரோட இருக்கும்போது வாங்கின கீறல், ஷூவாகிற வரைக்கும் காட்டிக்கொடுக்குமாம்.

அந்த மாமா ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தப்போ என் கையைப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா பாப்பா இது... இந்தத் தோலு எங்க கம்பெனிக்கு வந்தா நேரா ரிஜெக்‌ஷன்தான்!"

வீடே சிரிச்சது. நானும் சிரிச்சேன். முழங்கைகிட்ட துப்பட்டாவால் மறைச்சிருந்த ரெண்டு பல் ஓட்டையை மட்டும் அவர் பார்க்கலை.

குற்றவாளியின் பெயர் சால்னா. வயசு எட்டு மாசம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் புரோட்டா கடைக்குப் பின்னாடி கிடைச்ச ஆரஞ்சு கலர் குட்டி. பேருக்குக் காரணம் புரிஞ்சிருக்குமே! அப்போ அதுக்கு மூணு வாரம்கூட இருக்காது. அம்மா பூனை கூரை மேல நின்னு கத்திக்கிட்டே இருந்தது. 'ஐயோ, பாவம்'னு குட்டியைத் துப்பட்டாவில் சுத்தித் தூக்கிட்டு வந்துட்டேன். அந்த இடத்தில் யார் பாவம்னு அப்போ யோசிக்கலை.

சின்னதா இருந்தப்போ சுண்டுவிரலை ஆட்டினா பாயும், கவ்வும். பல் முளைச்சும் முளைக்காத வாய்... கூசும். அதை வீடியோ எடுத்து ஃப்ரெண்ட்ஸ் குரூப்பில் போட்டா, ஹார்ட்டா கொட்டும். எட்டு மாசம் கழிச்சு அதே விளையாட்டு, ஆனா ஊசி மாதிரி பல்லு, பிளேடு மாதிரி நகம். கட்டிலுக்கு அடியிலிருந்து கணுக்காலைத் தாக்கும். காலேஜ் பஸ்ஸுக்கு ஓடுற நேரத்தில்தான் சரியா தாக்கும்!

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். "சாக்குல போட்டு ஹைவே தாண்டி வுட்டுட்டு வாங்க" - இது ஆயா. "மூக்கு மேல ஒண்ணு வை, அடங்கும்" - இது அம்மா. வெச்சேன். அன்னையிலிருந்து என் கையைப் பார்த்தாலே காதை மடக்க ஆரம்பிச்சது. மாமா ஒரு படி மேலே போய், வெல்டிங் பண்றவங்க போடுற கெட்டித் தோல் கிளவுஸ் கொண்டுவந்தார். "இத்தப் போட்டுக்கினு ஆடு!" எனக்கு வலிக்கலை. ஆனா சால்னாவுக்கு, எவ்வளவு வேணாலும் அழுத்திக் கடிக்கலாம்னு பாடம் நடத்தினது அந்த கிளவுஸ்தான். கிளவுஸைக் கழட்டின கையிலும் அதே பாடம்.

அப்புறம் அந்த ராத்திரி. மறுநாள் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் இன்டர்னல். ஒரு கையில் புக், இன்னொரு கை சால்னா முதுகில். அதோட வால் தரையில் டப்பு டப்புன்னு அடிச்சுக்கிட்டு இருந்தது. நான் கவனிக்கலை. திடீர்னு திரும்பி, முழங்கைகிட்ட ஒரே கடி. ரத்தம். தண்ணியில் லேசா கழுவி, மஞ்சள் வெச்சு, முழுக்கைச் சுடிதார் போட்டுக்கிட்டேன்.

ஏன் சொல்லலை? ஒண்ணு, ஆயாவோட சாக்கு. ரெண்டு, ஆயாவோட கதை. சின்ன வயசில் அவங்களை நாய் கடிச்சு, தொப்புளைச் சுத்தி 14 ஊசி. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பொண்ணு நான். மூணாவது வருஷம் இன்ஜினீயரிங் படிக்கிறேன்... ஆனா அந்தப் பதினாலு இன்னும் வயித்துக்குள்ளேயே இருந்தது.

மூணாவது நாள் தம்பி வந்து காதோட சொன்னான். ஒன்பது வயசு அவனுக்கு. "அக்கா, சால்னா என்னையும் கீறிடுச்சு. அம்மாகிட்ட சொல்லாத. சாக்குல போட்ருவாங்க."

நான் எனக்குச் சொல்லிக்கிட்ட அதே டயலாக்! என் கையை வெச்சு நான் ரிஸ்க் எடுத்தேன், சரி. அவன் கையை வெச்சு எடுக்க நான் யாரு? அன்னைக்குத் தூக்கம் வரலை. விடியற்காலை அம்மாவை எழுப்பி, கைச்சட்டையை மடிச்சுக் காட்டினேன்.

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்கா கேட்ட முதல் கேள்வி: "சோப்பு போட்டுக் கழுவினியா?" ரேபிஸ் வைரஸுக்கு மேல கொழுப்பால் ஆன ஒரு உறை இருக்கு. சோப்பு அந்த உறையைக் கரைச்சுடும். அதனால கடிச்ச உடனே, ஓடுற தண்ணியில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும். நான் என்ன வெச்சேன்? மஞ்சள். மூணு நாள் ஏன் சும்மா இருந்தேன்னு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். தடுப்பூசி போடாத பூனை, ராத்திரியில் எந்த நாய்கிட்ட என்ன வாங்கிட்டு வந்ததோ? அறிகுறி ஆரம்பிச்சுட்டா கிட்டத்தட்ட யாருமே பிழைக்கிறதில்லைன்னு அவங்க சொன்னப்போ, அம்மா என் தோளை இறுக்கிப் பிடிச்சாங்க.

ஊசி? கையில்தான்! 0, 3, 7, 28-ம் நாள்... நாலே தடவை, காசு கிடையாது. தம்பிக்கு ரத்தம் வராத கீறல், அதனால தடுப்பூசி மட்டும். எனக்கு ஆழமான கடி, ஸோ காயத்தைச் சுத்தி சீரமும் போட்டாங்க. அது மட்டும் வலிச்சது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆயாவோட 14 ஊசியும் பொய்யில்லை. 1911 வாக்கில் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கின மருந்து அது. ஆட்டு மூளையில் தயாரிச்சது. இந்தியாவில் 2004-லேயே நிறுத்திட்டாங்க. நிறுத்தின மருந்துக்குப் பயந்துதான் மூணு நாள் வாயை மூடிட்டு இருந்திருக்கேன்! இன்னொண்ணும் படிச்சேன். 1885 ஜூலை 6-ல் லூயி பாஸ்டர் தன் ரேபிஸ் தடுப்பூசியை ஒரு பையனுக்குப் போட ஆரம்பிச்சார். பேர் ஜோசப் மெய்ஸ்டர். வயசு ஒன்பது. படிச்சுட்டு தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

அடுத்து சால்னா. நாயோ பூனையோ, கடிச்ச நாளிலிருந்து பத்து நாள் கண்காணிக்கணும். ரேபிஸோட கடிச்சிருந்தா அதுக்குள்ள நோய் தெரிஞ்சிடும். ஹைவே தாண்டி விட்டிருந்தா எதைக் கண்காணிக்கிறது? ஆயாவோட சாக்குத் திட்டம் அங்கேயே டிஸ்மிஸ்!

பத்தாவது நாளும் சால்னா ஜம்முனு கருவாடு சாப்பிட்டது. கூடையில் போட்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். டாக்டர் பல், கால், வயிறெல்லாம் அமுக்கிப் பார்த்தார். வலி இருந்தாலும் பூனை கடிக்குமாம். வலி எதுவும் இல்லை. "எத்தனை வாரத்துல தாய்கிட்டேருந்து எடுத்தீங்க?"

சொன்னேன்.

குட்டிங்க ஒண்ணோட ஒண்ணு உருண்டு விளையாடும்போதுதான் எவ்வளவு கடிச்சா வலிக்கும்னு கத்துக்குமாம். ஓவரா கடிச்சா கூடப்பிறந்தது கத்திட்டு விளையாட்டை நிறுத்திடும். சால்னாவுக்கு அந்த வகுப்பே நடக்கலை. வாத்தியாரா இருந்தது என் சுண்டுவிரல்.

மீதியைக் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் புக்கே சொல்லிடுச்சு. அது கடிக்குது, நான் வெடுக்குனு இழுக்கிறேன், இழுத்தா எலி ஓடுற மாதிரி இருக்கு, அது இன்னும் இறுக்கிப் பிடிக்குது. பக்கா பாசிட்டிவ் ஃபீட்பேக்! லூப்பை உடைக்கணும்னா கடிக்கும்போது கையை அசைக்கக் கூடாது. விட்டதும், அடிக்காம திட்டாம எழுந்து போயிடணும். விளையாட்டுக்குக் கை கிடையாது, நீளக் கயித்தில் கட்டின காகித உருண்டை. கீற, தேங்காய் நார்க் கயிறு சுத்தின கட்டை. வால் டப்பு டப்புன்னு அடிச்சா, காது பின்னாடி போனா, தடவுறதை நிறுத்திடணும். அது 'போதும்'னு சொல்ற பாஷை. எட்டு மாசமா சொல்லிட்டுத்தான் இருந்திருக்கு. எனக்குத்தான் பாஷை தெரியலை. கையோட அதுக்கும் ரேபிஸ் தடுப்பூசி போட்டாச்சு. வருஷா வருஷம் போடணும்.

ரெண்டு மாசம் ஆச்சு. சால்னா சாமியாராகிடலை. போன வாரம்கூட கணுக்காலுக்கு ஒரு தாவு தாவினது... நடுவழியில் நினைப்பு வந்த மாதிரி நின்னு, திரும்பிப் போய் கயித்துக் கட்டையைப் பிறாண்டினது. எனக்கு அரியர் கிளியர் ஆன சந்தோஷம்!

நேத்து மாமா மறுபடியும் என் கையை டியூப் லைட்டுக்கு நேரா நீட்டி செலக்‌ஷன் பார்த்தார். முழங்கைகிட்ட வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, அந்த ரெண்டு புள்ளி மேல விரலை வெச்சார்.

"புதுசு எதுவும் இல்ல பாப்பா. இது மட்டும் போவாது."

"கிரேடு என்ன மாமா?"

"செகண்ட் கிரேடு. பாஸ் பண்ணிடலாம்."