உப்பு மண்ணில் ஊன்றிய வேர்கள்

கோலா கங்சாரில் வளர்ந்த எனக்கு மரம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பால்மரந்தான். 1877-ஆம் ஆண்டில் சர் ஹியூ லோ இவ்வூரில் இரப்பர்க் கன்றுகளை நட்டார். அவற்றுள் ஒன்று வளர்ந்து, பெரிய மரமாக மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்றும் நிற்கிறது. என் தாத்தாவும் பாட்டியும் தோட்டத்தில் பால்மரம் சீவிப் பிழைத்தவர்கள். எங்கள் ஊர்ப் பயிர்களுக்கு மழைநீரும் பேராக் ஆற்று நீரும் குறைவின்றிக் கிடைத்தன. மண்ணில் உப்பேறிச் செடி கருகும் என்பதை நாங்கள் கேள்விப்பட்டதுகூட இல்லை.

அந்தக் கவலையை நான் நேரில் கண்டது சித்தப்பாவின் வீட்டில்தான். அவர் கோலா குராவ் பக்கம், கடலுக்கு அருகில் குடியிருந்தார். வீட்டின் பின்புறத்தில் மிளகாயும் கத்தரியும் பயிரிட்டுச் சந்தையில் விற்று வந்தார். நான் இடைநிலைப்பள்ளியில் படித்த காலத்தில், ஒரு பெருங்கடலேற்றத்தின்போது மண்கரை உடைந்து கடல்நீர் உள்ளே புகுந்தது. இரண்டு நாள் கழித்து நாங்கள் போனபோது, வரப்புகளுக்கு இடையே நீர் தேங்கி நின்றது. ஆனால், மிளகாய்ச் செடிகள் வெயிலில் வாடியவைபோல் தலை தொங்கிக் கிடந்தன.

“தண்ணியிலதான் நிக்குது. ஆனா தாகத்துல சாகுது, பாரு தம்பி” என்றார் சித்தப்பா.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. உப்புக் குறைந்த இடத்திலிருந்து உப்பு மிகுந்த இடத்திற்கு நீர் செல்வது இயற்கை. வேரின் உட்புறத்தைவிட மண்நீரில் உப்பு மிகுந்துவிட்டால், வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதனைத் தாங்கும் ஆற்றல் மிளகாய்க்கு இல்லை. நீரோடு உள்ளே நுழையும் சோடியமும் இலைகளில் சேர்ந்து, அவற்றின் ஓரங்களைக் கருகச் செய்கிறது.

அடுத்த வாரம் சித்தப்பா என்னைக் கோலா செப்பெத்தாங்கிற்கு அழைத்துச் சென்றார். முன்பு போர்ட் வெல்ட் எனப்பட்ட ஊர் அது. 1885-இல் தைப்பிங்கிலிருந்து அங்கேதான் நம் நாட்டின் முதல் இரயில் ஓடியது. அதன் அருகே மாத்தாங் சதுப்புநிலக் காடு 40,000 ஹெக்டருக்கும் மேல் பரந்து கிடக்கிறது. கடலேற்றத்தின்போது உப்புநீரில் மூழ்கும் அந்தச் சேற்றில் மரங்கள் பச்சைப்பசேலென நின்றன.

“இதுங்களுக்கு மட்டும் உப்பு இனிக்குமா, சித்தப்பா?” என்று கேட்டேன். எங்களுடன் நடைபாலத்தில் வந்த மலாய்க்கார வழிகாட்டி அதைக் கேட்டுச் சிரித்தார். “இனிக்காது. ஆளுக்கொரு வழி வைத்திருக்கின்றன” என்று மலாய்மொழியில் கூறிவிட்டு, ஒவ்வொரு மரமாகக் காட்டத் தொடங்கினார்.

முதலில் பாக்காவ் மரம். வளைந்த கால்கள்போல் வேர்களைச் சேற்றில் ஊன்றி நிற்பது அது. அதன் வேர்கள் வடிகட்டியைப் போன்றவை. நீரை உள்ளே விட்டு, உப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலேயே நிறுத்திவிடுகின்றன. அடுத்து அப்பி-அப்பி மரம். அதைச் சுற்றிலும் சேற்றிலிருந்து விரல்கள்போல் வேர்கள் மேல்நோக்கி நீண்டிருந்தன. அதுவும் வேரில் உப்பைத் தடுக்கிறது. அதை மீறி உள்ளே வரும் உப்பை இலைகளில் உள்ள நுண்ணிய சுரப்பிகள் வழியாக வெளியேற்றுகிறது. வழிகாட்டி சொன்னபடி ஓர் இலையை விரலால் தடவினேன். வெண்பொடி ஒட்டியது. நாக்கில் வைத்தால், உப்பேதான்!

வேறு சில செடிகள் உப்பை உள்ளேயே வைத்துச் சமாளிக்கின்றன. தமிழ்நாட்டுக் கடலோர உப்புநிலங்களில் வளரும் உமரிச் செடி அத்தகையது. அதன் இலைகள் தடித்து நீர் நிறைந்திருக்கும். அந்த நீரில் உப்பின் கடுமை குறைகிறது. உயிரணுவுக்குள் நுழைந்த உப்பு, நுண்குமிழ் என்னும் நீர்ப்பையில் ஒதுக்கி அடைக்கப்படுகிறது. அதனால் உயிரணுவின் மற்ற வேலைகள் கெடுவதில்லை.

இவை எதுவும் இலவசமாக நடப்பதில்லை. உப்பைத் தடுக்கவும் வெளியேற்றவும் ஒதுக்கவும் மரம் தன் ஆற்றலைச் செலவிட வேண்டும். சதுப்புநில மரங்களும் கடல்நீரைவிட உப்புக் குறைந்த நீரில்தான் செழிப்பாக வளர்கின்றன. உப்பு மிகுந்த இடத்தில் அவை மெதுவாக வளர்ந்து குட்டையாகவே நிற்கும். உப்பு பிடித்ததால் அவை அங்கு வாழவில்லை. தாங்கத் தெரிந்ததால் வாழ்கின்றன.

சித்தப்பாவின் நிலத்திற்கு நல்ல நீர்தான் மருந்தானது. அவர் வடிகால் வெட்டிவிட்டுக் காத்திருந்தார். பல மாதம் பெய்த மழை உப்பைக் கரைத்துக் கொண்டுபோன பிறகே மிளகாய் மீண்டும் தழைத்தது. கேரளத்தின் கடலோர உழவர்கள் பொக்காளி என்னும் உப்பைத் தாங்கும் நெல்லை இதே அறிவோடுதான் பயிரிடுகிறார்கள். பருவமழை உப்பைக் கழுவியபின் விதைத்து, உப்புநீர் திரும்புமுன் அறுவடை செய்கிறார்கள்.

சிதம்பரத்துப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த என் பாட்டியிடம் நான் கண்டதைச் சொன்னேன். “நீ பாக்காவ்னு சொல்றது எங்க ஊருச் சுரபுன்னை. பிச்சாவரம் பூராவும் அதுதான்” என்றார். சிதம்பரத்திற்குத் தில்லை என்ற பழைய பெயரைத் தந்த தில்லை மரமும் அத்தகைய சதுப்புநிலத்தில் வளர்வதே. கடல் கடந்து வந்த பாட்டிக்கும் இங்கே பிறந்த எனக்கும் அந்த மரம் பொதுவாயிற்று.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கியபோது, பிச்சாவரத்தில் அடர்ந்த காட்டின் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததென ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். மலேசிய அரசும் 2005-இல் கடலோரங்களில் சதுப்புநில மரங்களை நடும் திட்டத்தைத் தொடங்கியது. மாத்தாங்கில் கரிச்சூளைகளுக்காக மரம் வெட்டுகிறார்கள். எனினும், ஒரு பகுதியில் வெட்டினால் அங்கு மறுபடி வெட்ட 30 ஆண்டுகள் காத்திருக்கிறார்கள். மெதுவாக வளரும் மரத்திற்குக் கொடுக்கும் அவகாசம் அது.

உப்பைத் தாங்கத் தெரிந்த மரங்கள் கரையில் நின்று அலையின் வேகத்தைக் குறைக்கின்றன. தாங்கத் தெரியாத மிளகாயும் நெல்லும் அவற்றுக்குப் பின்னால் விளைகின்றன. கரையோர மரங்களை அழித்தால், முதலில் வாடுவது உழவரின் வயலாகத்தான் இருக்கும். கோலா செப்பெத்தாங்கிற்குச் செல்ல வாய்த்தால், மழையில்லாத நாளில் ஓர் அப்பி-அப்பி இலையைப் பறிக்காமல் தடவிப் பாருங்கள். உங்கள் விரலில் ஒட்டும் வெண்பொடி, அந்த மரம் உயிர்வாழ அன்றாடம் செய்யும் உழைப்பின் அடையாளம்.