கோழிப் பண்ணையில் சால்மோனெல்லாவின் வழித்தடம்

சால்மோனெல்லா கோழியின் குடலில் பெரும்பாலும் எந்த அடையாளமும் காட்டாமல் வாழும் பாக்டீரியா. கோழி வழக்கம்போல் தீவனம் எடுக்கும், முட்டையிடும், எடை கூடும். அதே கிருமி முட்டை வழியாகவோ கறி வழியாகவோ மனிதக் குடலுக்குள் போனால் காய்ச்சலும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். கைக்குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் சில நேரம் அது ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். நோயாளியின் மலத்தில் கிடைத்த கிருமியும் ஒரு பண்ணையின் கூளத்தில் கிடைத்த கிருமியும் ஒரே வழிவந்தவையா என்று, அவற்றின் டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாகப் படித்து ஒப்பிடுவதே மரபணுத் தடமறிதல்.

இப்படித் தடமறிய வேண்டிய விருதுநகர் மாவட்டத்துக்குக் கோழியும் முட்டையும் பல வழிகளில் வருகின்றன. முட்டைக்கு நாமக்கல்லே முதன்மை. பிராய்லர் பெரும்பாலும் ஒப்பந்தப் பண்ணைகளிலிருந்து வருகிறது. கம்பெனி குஞ்சும் தீவனமும் இறக்கிவிட்டு, 40 நாள் வாக்கில் கோழியை ஏற்றிக்கொண்டு போகும். கிராமங்களில் புழக்கடை நாட்டுக்கோழி தனி உலகம். இவற்றோடு பள்ளிச் சத்துணவு முட்டையும் சேர்கிறது. காமராசர் பிறந்த இந்த மண்ணில் மதிய உணவைப் பற்றிப் பேசாமல் உணவுப் பாதுகாப்பைப் பேச முடியாது. அவர் முதலமைச்சராக இருந்தபோது பரவலான பள்ளி மதிய உணவு 1982இல் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2010 முதல் வாரம் 5 முட்டை என்றானது. ஒரு குழந்தையின் தட்டில் வாரத்துக்கு ஐந்து முறை வரும் பொருள் எங்கிருந்து, எதைச் சுமந்து வருகிறது என்று அறிவது ஒரு மாவட்டத்தின் கடமை.

இந்த மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் வேரூன்ற இங்குள்ள குறைந்த மழையும் காய்ந்த காற்றும் பெரிய காரணம். அதே வறட்சி பண்ணையில் வேறு விதமாக வேலை செய்கிறது. சால்மோனெல்லா காய்ந்த தூசியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. கூளம் ஈரமாக இருந்தால்தான் ஆபத்து என்ற நம்பிக்கையில் உத்தரத்திலும் மின்விசிறி இறக்கையிலும் படிந்த தூசியை விட்டுவிடும் பண்ணைகளில், கொட்டகையைக் கழுவி அடுத்த பேட்ச் குஞ்சு இறக்கிய பிறகும் பழைய கிருமியே திரும்பி வருவதுண்டு.

தடமறிதலின் தரம் மாதிரி எடுக்கும் கையில் தொடங்குகிறது. ஆயிரக்கணக்கான கோழிகள் உள்ள கொட்டகையில் நாலைந்து கோழிகளின் எச்சத்தை மட்டும் பார்த்தால் கிருமி தப்பிவிடும். அதனால் காலணிக்கு மேல் ஈரப்படுத்திய துணி உறை மாட்டிக்கொண்டு கொட்டகையின் நீளம் முழுக்க நடப்பது வழக்கம். கூளம், எச்சம், தூசி எல்லாம் அந்த உறையில் ஒட்டும். ஒரு நடையில் முழுக் கொட்டகையின் மாதிரியும் கிடைத்துவிடும். இதோடு குடிநீர்க் குழாய், தீவனத் தட்டு, எலி நடமாடும் மூலை, கூளத்தில் திரியும் சிறு கறுப்பு வண்டுகள் ஆகியவற்றிலிருந்தும் எடுக்க வேண்டும். முட்டை என்றால் ஓடு தனி, உள்ளீடு தனி. கோயம்புத்தூர்ச் சில்லறைக் கடை முட்டைகளை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வில் உள்ளீட்டைவிட ஓட்டில்தான் சால்மோனெல்லா அதிகம் கிடைத்தது. முட்டை அடுக்கும் தட்டுகளிலும் இருந்தது. கடைக்கும் பண்ணைக்கும் இடையே போய்வரும் அந்தத் தட்டு பல பண்ணைகளின் கிருமிகளைக் கலந்துவிடக்கூடியது. தடமறிய வருபவர் முட்டையை எடுத்துக்கொண்டு தட்டை விட்டுவிட்டால் பாதி வழியை விட்டுவிட்டார் என்றே பொருள்.

மாதிரியைவிடவும் முக்கியம் அதோடு வரும் குறிப்பு. எந்தக் கொட்டகை, குஞ்சு இறக்கிய தேதி, எந்தக் குஞ்சுப் பொரிப்பகம், எந்தத் தீவன ஆலையின் எந்த மூட்டை, கடைசியாக என்ன மருந்து, யார் யார் வந்துபோனார்கள் என்பதெல்லாம் அன்றைக்கே, அங்கேயே எழுதப்பட வேண்டும். மாலையில் நினைவிலிருந்து எழுதும் குறிப்பு பிறகு மரபணு முடிவையே தவறாகப் படிக்க வைக்கும்.

ஆய்வகத்தில் முதல் சில நாட்கள் பழைய முறைதான். 25 கிராம் மாதிரியை 225 மில்லி பெப்டோன் நீரில் ஓரிரவு ஊறவைத்து, வாடிய கிருமிக்குத் தெம்பூட்டி, பிறகு சால்மோனெல்லாவை மட்டும் வளரவிடும் ஊடகத்துக்கு மாற்றுவார்கள். எக்ஸ்.எல்.டி. என்ற வளர்ப்புத் தட்டில் சிவந்த தளத்தின் மேல் கறுப்பு மையத்தோடு புள்ளி எழுந்தால் சந்தேகம் வலுக்கும். இந்த வளர்ப்புக்கும் உறுதிப்படுத்தலுக்கும் நாலைந்து நாள் பிடிக்கும். மரபணு வாசிப்புக்கு மேலும் சில நாள். பிராய்லரில் விடை வரும்போது அந்தக் கோழிகள் பெரும்பாலும் கறிக்கடைக்குப் போயிருக்கும். ஆகவே பிராய்லரில் தடமறிதல் அடுத்த பேட்சைக் காக்கும் வேலை. ஓராண்டுக்கும் மேல் கூண்டிலிருக்கும் முட்டைக்கோழியிலோ விடை அதே மந்தைக்கே பயன்படும்.

கிருமியை அடையாளம் காணும் முறை பல படிகள் கடந்து வந்திருக்கிறது. சால்மோனெல்லாவில் சீரோவகைகள் எனப்படும் உட்பிரிவுகள் 2,500க்கும் மேல் உண்டு. இந்தியாவில் மனித மாதிரிகளின் கிருமிகளை இமாசலத்தின் கசௌலியிலும், கால்நடைக் கிருமிகளை பரேலி அருகே இசத்நகரிலும் உள்ள தேசிய மையங்கள் வகைப்படுத்தி வந்திருக்கின்றன. ஆனால் உலகெங்கும் முட்டையோடு பேசப்படும் என்டரைடிடிஸ் வகையின் கிருமிகள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானவை. வகைப்பெயர் மட்டும் தெரிந்தால் தடம் கிடைக்காது. பிறகு வந்த, டி.என்.ஏ.வைத் துண்டாக்கிப் பட்டைகளாகப் பிரித்துப் பார்க்கும் முறையாலும் இவற்றைச் சரியாகப் பிரிக்க முடியவில்லை. சுமார் 48 லட்சம் எழுத்துகள் கொண்ட முழு மரபணுத்தொகுதியையும் படிக்கத் தொடங்கியபோதுதான் ஒன்றிரண்டு எழுத்து வேறுபாடுகூடக் கண்ணில் பட்டது. உணவுவழி நோய்களைத் தடமறியும் அமெரிக்காவின் பல்ஸ்நெட் வலையமைப்பு 2019இல் இந்த முறைக்கு மாறியது. ஐரோப்பாவில் பல நாடுகளில் சிதறிக்கிடந்த நோயாளிகளைப் போலந்தின் முட்டைப் பண்ணைகளோடு இணைத்துக் காட்டியதும் இதுவே.

ஓராண்டில் இந்தக் கிருமியில் ஏறத்தாழ ஒன்றிரண்டு எழுத்துகள்தான் மாறும். நோயாளியிடமும் பண்ணையிலும் கிடைத்தவற்றுக்கு இடையே ஐந்துக்கும் குறைவான வேறுபாடு இருந்தால் சமீபத்திய உறவு என்று கொள்வது வழக்கம். இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். மரபணு ஒப்பீடு இரண்டு கிருமிகளும் பங்காளிகள் என்று மட்டும் சொல்லும்; யார் வீட்டிலிருந்து யார் வீட்டுக்குப் போனது என்று சொல்லாது. அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு பண்ணையிலும் ராஜபாளையம் பக்கம் ஒரு பண்ணையிலும் ஒரே கிருமி கிடைத்தால், ஒன்றிலிருந்து மற்றதற்குப் பரவியது என்று எழுதிவிடக் கூடாது. இரண்டும் ஒரே பொரிப்பகத்தில் குஞ்சு வாங்கியிருக்கலாம், ஒரே ஆலையின் தீவனத்தைப் போட்டிருக்கலாம். 2021இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு, 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட என்டரைடிடிஸ் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டு, ஒருசில இடங்களிலிருந்து உலகம் முழுதும் விற்கப்படும் இனப்பெருக்கக் கோழிகளோடு கிருமியும் பயணித்ததாகக் காட்டியது. கிருமி தாய்க்கோழி வழியே வந்திருந்தால், குஞ்சை வளர்த்த விவசாயியைக் குற்றவாளி ஆக்குவது பெரும் அநியாயம். பாட்டன் மந்தை முதல் தீவன மூட்டை வரை எழுதிவைத்த குறிப்பு இருந்தால்தான் இந்த அநியாயத்தைத் தவிர்க்க முடியும்.

அதே வாசிப்பில் மருந்து எதிர்ப்புத் தன்மையும் தெரிந்துவிடும். கொலிஸ்டின் மனிதர்களுக்குக் கடைசிக் கட்ட மருந்து. பண்ணைகளில் எடை கூட்டவும் கழிச்சலைத் தடுக்கவும் அதைக் கொடுத்து வந்தார்கள். அதை எதிர்க்கும் எம்.சி.ஆர்.-1 மரபணு 2015இல் சீனாவில் கண்டறியப்பட்டது. கிருமிக்குக் கிருமி தாவக்கூடியது என்பதால் உலகமே கலங்கியது. உணவுக்கான விலங்குகளுக்குக் கொலிஸ்டின் தருவதை 2019 ஜூலையில் இந்திய அரசு தடை செய்தது. தடை கொட்டகைக்குள் வந்து சேர்ந்ததா என்பதை ஆண்டுக்காண்டு எடுக்கும் மாதிரிகளே சொல்ல முடியும்.

வசதிகள் எட்டாத தொலைவில் இல்லை. நாமக்கல்லில் 1985 முதலும் திருநெல்வேலியில் 2012 முதலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. கொரோனா காலத்தில், 2021 செப்டம்பரில், சென்னையில் மாநிலப் பொதுச் சுகாதார ஆய்வகத்தில் மரபணு வரிசைப்படுத்தும் கூடம் அமைந்தது. சங்கிலி அறுந்து கிடப்பது மனிதர் பக்கத்தில். வயிற்றுப்போக்கு வந்தவர் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிடுகிறார். மலப் பரிசோதனைக்கு வருபவர் குறைவு. நோயாளியின் கிருமி சேமிக்கப்படாத இடத்தில் பண்ணைக் கிருமியை ஒப்பிட எதிர்ப்பக்கமே இல்லை. புதுக் கருவி வாங்குவதைவிட, அரசு மருத்துவமனைகளில் மலத்தை வளர்த்து, கிடைத்த சால்மோனெல்லாவை உறைநிலையில் தேதியிட்டுப் பாதுகாப்பதே இந்த மாவட்டத்தில் முதலில் செய்ய வேண்டியது.

அடுத்தது பண்ணையாளரின் நம்பிக்கை. கிருமி இருக்கிறது என்று பெயர் வெளியானால் கம்பெனி அடுத்த குஞ்சு இறக்காது என்ற பயம் நியாயமானது. முடிவை முதலில் அவரிடம் சொல்லி, என்ன செய்யலாம் என்பதையும் அதே நேரத்தில் சொல்லும் ஆய்வாளருக்கே மறுமுறை கதவு திறக்கும். பழைய கூளத்தை முழுதாக அகற்றி, உத்தரத் தூசியைத் தட்டி, கழுவிக் காயவைத்து, தரைக்குச் சுண்ணாம்படித்து, எலியைக் கட்டுப்படுத்திய பின் அடுத்த பேட்சில் மறுபடி உறை மாட்டி நடக்க வேண்டும். பழைய கிருமியே வந்தால் அது கொட்டகையில் தங்கியிருக்கிறது. எலி, வண்டு, தண்ணீர்த் தொட்டி என்று தேடலாம். வேறு கிருமி வந்தால் குஞ்சோடோ தீவனத்தோடோ வெளியிலிருந்து புதிதாக வந்திருக்கிறது. அப்போது தேடல் பொரிப்பகத்துக்கும் ஆலைக்கும் போக வேண்டும்.