பணயம் யாருடையது?

வட சென்டினல் தீவுக்குப் போகும் அரசுக் குழுவில் இடம் வேண்டுமானால் மதுமாலா சட்டோபாத்யாய் ஒரு காகிதத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. ஆபத்து இருப்பது தெரியும், காயம் பட்டாலோ உயிர் போனாலோ அரசிடம் நஷ்டஈடு கேட்க மாட்டேன் என்பது அதன் சாரம். அவருடைய பெற்றோரும் அதேபோல எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். கொடுத்தார்கள். 1991 ஜனவரி 4-ம் தேதி, அந்த இளம் மானுடவியல் ஆராய்ச்சியாளர் சென்டினல் மக்களின் கரையோரம் படகில் இருந்தபடி தேங்காய்களைத் தண்ணீரில் மிதக்கவிட்டார்.

அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசுபவர்கள் தேங்காயையும் அம்பையும்தான் சொல்கிறார்கள். எனக்கு மனதில் தங்கிப்போனது அந்தக் காகிதம். குறிப்பாக, பெற்றோரின் கையெழுத்து.

காரணம் எங்கள் வீட்டுக் கதை. நான் போர்ட் பிளேரில் பிறந்தவள். (2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எங்கள் வாய்க்கு இன்னும் பழகவில்லை.) இங்கேயே அரசுப் பள்ளியில் ஆசிரியை. எங்கள் வீட்டில் துணிச்சல் என்றால் அப்பா. 1969-ல், மழை பொய்த்த ராமநாதபுரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, கையில் கொத்துக்கரண்டியோடு சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர். மூன்று நாள் கடல் பயணம். போய்ச் சேரும் இடத்தில் தெரிந்தவர் ஒருவர்கூடக் கிடையாது. ஊரில் பெரியவர்கள் அந்தமான் என்றாலே ஜெயில், போனவன் திரும்ப மாட்டான் என்று நினைத்த காலம். அப்பா போனார், கட்டட வேலை கிடைத்தது, நிலைத்தார். துணிந்தவனுக்குத் துக்கமில்லை என்று எங்களிடம் சொல்லும்போதெல்லாம் மீசையைத் தடவிக்கொள்வார்.

அம்மா அந்தக் கதையைச் சொன்னதே இல்லை. அப்பா காலமாகி ஒரு வருடம் கழித்து, பேச்சோடு பேச்சாக நான் கேட்டேன்: அந்த நாலு வருஷம் நீ என்னம்மா பண்ணினே?

“உங்கப்பா கப்பலேறிப் போயிட்டாரு. கடன்காரன் வந்து நின்னது என் வாசல்லதானே.”

கப்பல் செலவுக்கு அப்பா கடன் வாங்கியிருந்தார். மணியார்டர் வர ஆறு மாதமானது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அம்மா கருவேல முள் வெட்டினாள், கரிமூட்டத்தில் கூலிக்குப் போனாள், கடைசியில் தோட்டை விற்று வட்டி கட்டினாள். வேலை கிடைக்காமல் அப்பா திரும்பியிருந்தால்? “அவருக்கென்ன, இன்னொரு ஊரு பாத்துப் போயிருப்பாரு. நாந்தான் மூழ்கியிருப்பேன்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்.

அப்பா போயிருக்கக் கூடாதா என்று கேட்டேன். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். “கேட்டிருந்தா நான் போங்கன்னுதான் சொல்லியிருப்பேன். கேக்கலையே.”

ரிஸ்க் எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். பட்டமளிப்பு விழாப் பேச்சாளர்கள் சொல்கிறார்கள், தொழிலதிபர்கள் சொல்கிறார்கள், என் பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர் நாற்பது நிமிடம் சொன்னார். பயத்தை விடு, பாய்ந்து செல், தோற்றால் எழுந்து நில். பாய்கிறவனின் தைரியத்தை அளக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். அவன் விழுந்தால் யார் மேல் விழுவான் என்று யாரும் பேசக் கேட்டதில்லை. என் அம்மாவின் அந்த ஒற்றைச் சொல்லில்தான் அந்தப் பாடம் எனக்குக் கிடைத்தது. கேட்கப்பட்டவர் பங்காளி ஆகிறார். கேட்கப்படாதவர் அடகுப் பொருளாகிறார்.

இந்த அளவுகோலோடு எங்கள் தீவுகளின் புகழ்பெற்ற துணிச்சல்களைப் பார்க்கலாம்.

மதுமாலா பன்னிரண்டு வயதில் ஒரு செய்தித்தாளில் ஓங்கே பழங்குடியினரைப் பற்றிப் படித்து ஆர்வம் கொண்டவர். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் மானுடவியல் படித்து, ஆய்வுக்காக இங்கே வந்து, ஆண்டுக்கணக்கில் ஓங்கே போன்ற பழங்குடிகளோடு பழகினார். சென்டினல் கரைக்கு முன் அவருக்கு இருந்த தயாரிப்பு அது. அன்று ஓர் இளைஞன் அவரைக் குறி பார்த்து அம்பு தொடுத்தபோது, பக்கத்திலிருந்த சென்டினல் பெண் ஒருத்தி அவனைத் தள்ளிவிட்டாள். அம்பு தண்ணீரில் விழுந்தது. அடுத்த மாதம் குழு மீண்டும் போனபோது அந்த மக்கள் ஆயுதமில்லாமல் வந்து படகிலிருந்தே தேங்காய்களை எடுத்துக்கொண்டார்கள். யாருக்கும் காயமில்லை. அந்தத் தீவோடு ஏற்பட்ட தொடர்புகளில் இப்படிச் சொல்லக்கூடியவை மிகக் குறைவு.

ஆபத்து தன்னுடையது என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். அவர் இறந்தால் இழப்பைச் சுமக்கப்போகும் பெற்றோரும் தெரிந்தே கையெழுத்திட்டிருந்தார்கள். ஆனால் கணக்கு அத்தோடு முடியவில்லை. கரையில் நின்றவர்களிடம் யாரும் கேட்கவில்லையே?

அது சும்மா ஒரு தர்க்கக் கேள்வி அல்ல. 1858-ல் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் கைதிகள் குடியேற்றத்தை ஏற்படுத்தியபோது பெரிய அந்தமானியர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1877-ல் பரவிய தட்டம்மை அவர்களில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போனது. மற்ற நோய்களும் சேர்ந்துகொண்டன. இன்று எஞ்சியிருப்பது சில பத்துப் பேர். 1880-ல் போர்ட்மன் என்ற ஆங்கிலேய அதிகாரி வட சென்டினலிலிருந்து ஒரு முதிய தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்து வந்தார். அனைவரும் நோயுற்றார்கள், முதியவர்கள் இறந்தார்கள், குழந்தைகளைப் பரிசுப் பொருட்களோடு திருப்பி அனுப்பினார். போர்ட்மனுக்கு அது ஓர் ஆய்வு முயற்சி. விலை கொடுத்தவர்கள் வேறு.

பரிசுப் பொருட்களோடு சென்டினலுக்குப் போகும் பயணங்களை அரசு 1990-களில் நிறுத்திக்கொண்டது. இப்போது கொள்கை, தூரத்திலிருந்து கண்காணிப்பது மட்டுமே. அவர்களை அவர்கள் போக்கில் விட்டுவிட வேண்டும் என்பதே மதுமாலாவும் பின்னாளில் சொன்ன கருத்து. ஒரு கரையை எட்டித் தொட்டவர், இனி யாரும் வர வேண்டாம் என்று சொல்வதற்கும் துணிவு வேண்டும். தொட்டதை வைத்து வாழ்நாள் முழுக்கப் பெருமை பேசுவதுதான் சுலபம்.

2018 நவம்பரில் இதே கரைக்கு ஜான் ஆலன் சாவ் என்ற 26 வயது அமெரிக்கர் போனார். மதப் பிரசாரம் அவர் நோக்கம். அவர் கோழை அல்ல. பல வருடம் தயாரானவர், தடுப்பூசிகள் போட்டுக்கொண்டவர், சாவு வரலாம் என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தவர். தன் உயிர் பற்றிய கணக்கில் அவர் நேர்மையாகத்தான் இருந்தார். ஆனால் அவரை இரவில் படகில் கொண்டு போய் விட்ட மீனவர்களுக்குக் கிடைத்தது 25,000 ரூபாய். அவர் கொல்லப்பட்ட பிறகு அந்த மீனவர்கள் உள்படக் கைதானவர்கள் ஏழு பேர். வெளி நோய் எதற்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒரு சிறு சமூகத்தின் உயிரும் அதே பணயத்தில் இருந்தது.

2025 மார்ச்சில் இன்னொரு இளைஞர், இவரும் அமெரிக்கர், மோட்டார் பொருத்திய ரப்பர் படகில் அங்கே போய், ஒரு தேங்காயையும் ஒரு கோலா டின்னையும் கரையில் வைத்துவிட்டுத் திரும்பினார். கைதானார். இதையும் சாகசம் என்று மெச்சுபவர்கள் உண்டு.

இதையெல்லாம் நான் இப்போது எழுதக் காரணம் என் மகள். வயது 24. போர்ட் பிளேரில் தனியார் வங்கி ஒன்றில் வேலை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலையை விடப்போகிறேன், ஹேவ்லாக்கில் (இப்போது சுவராஜ் தீவு) ஸ்கூபா டைவிங் பயிற்றுநராகப் போகிறேன் என்றாள். பயிற்சிக்கு அவள் சேமிப்பு முழுக்கக் கரையும். பிறகும் நிரந்தரச் சம்பளம் கிடையாது. மே முதல் செப்டம்பர் வரை மழை. சுற்றுலாப் பயணிகள் குறைவு.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனால் ஆபத்து என்று நான் வாயெடுத்ததும் அவளிடமிருந்து பதில்கள் வந்தன. மேலே வரும்போது வேகம் கூடாது. ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழாகிவிடும். துணை இல்லாமல் இறங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: முங்குவதற்கு முன்போ, நடுவிலோ, யார் வேண்டுமானாலும் ‘வேண்டாம்’ என்று சொல்லலாம். காரணம் கேட்கக் கூடாது, கேலி செய்யக் கூடாது. எல்லோரும் மேலே வந்துவிட வேண்டும்.

அந்த விதி எனக்குப் பிடித்திருந்தது. வீட்டு விவகாரங்களிலும் அது இருந்திருந்தால் என் அம்மாவின் தோடு தப்பியிருக்குமோ என்னவோ.

“சரி, தம்பி பீஸ்?” என்று கேட்டேன். கோவையில் பொறியியல் படிக்கும் அவள் தம்பியின் கட்டணத்தில் பாதியை அவள்தான் கட்டிவந்தாள். எங்கள் கணக்கில் அவள் விழுந்தால் விழப்போவது அவன் மேல்.

“அவன்கிட்டதான் முதல்ல கேட்டேம்மா. உங்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி.”

தம்பி ஒரு வாரம் யோசித்தானாம். பிறகு, கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கிறேன், அக்கா இரண்டு வருடம் முயன்று பார்க்கட்டும், அதற்குள் சம்பாத்தியம் நிலைக்காவிட்டால் வேறு வேலை தேட வேண்டும் என்றானாம். இருவரும் ஒரு நோட்டில் எழுதியே வைத்திருக்கிறார்கள். கணக்கை இரண்டு முறை சரிபார்த்தேன். சில இடங்களில் ஆசை கூடுதலாக இருந்தது. மழை மாதங்களின் வருமானத்தைக் குறைத்துப் போடச் சொன்னேன். போட்டாள். கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்து என்னுடையது என்றும் சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் பயிற்சிக்குக் கிளம்புகிறாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அதையும் அவளிடம் மறைக்கவில்லை. கணக்கென்றால் அதுவும் சேர்ந்ததுதானே?