புதுத் தண்ணி வந்திருக்கு, தூண்டிலைக் கொஞ்சம் பொறுத்து எடுங்க

1/ மேட்டூர்ல தண்ணி திறந்துட்டாங்க. நேத்து சாயந்திரம் டூட்டி முடிஞ்சு வரும்போது பார்த்தேன். பள்ளிபாளையம் பாலத்துக்குக் கீழே பாறை மேல அஞ்சாறு பசங்க தூண்டிலோட நிக்கிறாங்க. முழங்கால் வரைக்கும் தண்ணி. வண்டியை நிறுத்தி மேலே ஏறி வரச் சொன்னேன். ரெண்டு பேர் வந்தாங்க. மத்தவங்க சிரிச்சாங்க. அதனாலதான் இந்த நீண்ட பதிவு.

2/ முதல்லயே சொல்லிடறேன், நான் மீன் பிடிக்கறதுக்கு எதிரி இல்லை. வாரம் முழுக்க கேஷுவாலிட்டியில ஓடிட்டு, லீவு நாள்ல ஒரு மூங்கில் கோலும் கொஞ்சம் மண்புழுவும் எடுத்துட்டு ஆத்தோரம் உட்கார்ற ஆள் நான். தக்கை ஆடுதான்னு பார்த்துட்டு இருக்கற அந்த ரெண்டு மணி நேரத்துல பிபி இறங்கற மாதிரி எனக்கு வேற எதுலயும் இறங்கறதில்லை. பழக்கிவிட்டது என் அப்புச்சி. ஜேடர்பாளையத்துக்குப் பக்கம் எங்க அம்மா ஊர்.

3/ அப்புச்சிக்கு ஒரே ஒரு கண்டிஷன். புதுத் தண்ணி வந்தா தூண்டிலை எடுத்துப் பரண்ல போட்டுருவாரு. “ஆடிப்பெருக்கு கழியட்டும் கண்ணு”ம்பாரு. ஏன்னு கேட்டா சிரிப்பாரு, அவ்வளவுதான். தண்ணி வந்த உடனேதான் மீன் கொத்தோ கொத்துன்னு கொத்தும், அப்பப் போய் இவரு சும்மா உட்கார்ந்திருக்காரேன்னு எனக்கு எரிச்சலா இருக்கும்.

4/ எம்பிபிஎஸ் முதல் வருஷ லீவுல ஊருக்குப் போயிருந்தேன். தண்ணி திறந்து நாலாவது நாள். அப்புச்சி தூங்கற நேரம் பார்த்துத் தூண்டிலை எடுத்துட்டுப் போனேன். நடு ஆத்துப் பாறையில நின்னு, அரை மணி நேரத்துல ஒரு கெண்டை. ரெண்டு கிலோவுக்குக் குறையாது. சைக்கிள் ஹேண்டில்பார்ல மாட்டிட்டு, ஊரே பார்க்கற மாதிரி தெருவைச் சுத்தித்தான் வீட்டுக்கு வந்தேன்.

5/ அமுச்சி அரிவாள்மனையில வச்சு வயித்தைக் கீறினாங்க. ரெண்டு பக்கமும் சினை. கைப்பிடி கைப்பிடியா வழிஞ்சது. அப்புச்சி வந்து பார்த்தாரு. திட்டலை. “ஏஞ்சாமி, வவுத்துப் புள்ளையோட பொறந்த ஊட்டுக்குப் போறவளை வழியில மறிச்சுப் புடிச்சிருக்கறயே”ன்னாரு. அன்னைக்கு ராத்திரி அவரு ரசம் ஊத்திச் சாப்பிட்டுட்டு எழுந்துட்டாரு. எனக்கும் குழம்பு இறங்கலை.

6/ படிச்சுப் பார்த்தப்போதான் அவரு சொன்னது அப்படியே உயிரியல்னு புரிஞ்சது. நம்ம ஆத்துக் கெண்டை வகைகள் பலதும் தென்மேற்குப் பருவமழைக் காலத்துலதான் முட்டையிடும். வெள்ளம் வந்து, தண்ணி கலங்கி, ஓட்டம் கூடினா அதுதான் அதுங்களுக்கு அழைப்பு. எதிர் ஓட்டத்துல ஏறும். ஒரு கிலோ ரோகு சினை மீனுக்குள்ள லட்சத்துக்கு மேல முட்டை இருக்கும். அதுல பெரிய மீனா வளர்றது வெகு சிலதுதான். அந்தச் சிலதுக்காகத்தான் இயற்கை அத்தனை முட்டை வைக்குது. நாம ஒரு வேளைக் குழம்புக்கு அந்தக் கணக்கையே அழிச்சுடறோம்.

7/ ஒரு விஷயத்தை யோசிச்சுப் பாருங்க. நம்ம கிழக்குக் கடற்கரையில விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடல் மீன் முட்டையிடட்டும்னுதான் அந்தத் தடை. அது முடியற அதே வாரம், ஜூன் 12, மேட்டூர் அணை திறக்கற வழக்கமான நாள். கடல் மீனுக்கு ஓய்வு முடியும்போது ஆத்து மீனுக்குப் பேறுகாலம் ஆரம்பிக்குது. ஜூன் 12ல இருந்து ஆடி 18 வரைக்கும் எண்ணினா 50 நாளுக்கு மேல வரும். அப்புச்சி எந்த அரசாணையும் இல்லாம தனக்குத்தானே ஒரு தடைக்காலம் போட்டு வச்சிருந்தாரு.

8/ வெளிநாட்டுலயும் இதே யோசனைதான். ஸ்காட்லாந்துல டே ஆத்துல ஜனவரி 15 சால்மன் சீசன் திறப்பு. பேண்டு வாசிச்சு, படகு மேல விஸ்கி ஊத்தித் திருவிழா மாதிரி ஆரம்பிப்பாங்க. ஆனா ஏப்ரல் 1க்கு முன்னாடி பிடிக்கற சால்மனை உயிரோட ஆத்துலயே திருப்பி விடணும்னு அங்க சட்டம். தூண்டில் போடலாம், வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது.

9/ சால்மன் மாதிரி கடல்ல வளர்ந்து, முட்டையிட மட்டும் ஆத்துல ஏறி வர்ற மீன் நம்ம காவிரிக்கும் இருந்தது. உல்லம்னு பேரு. வங்காளத்துல ஹில்சான்னு கொண்டாடறாங்களே, அதேதான். குறுக்கே தடுப்பணைகள், அப்புறம் 1934ல மேட்டூர் அணைன்னு வரவர அந்த வரத்து ஒடிஞ்சுபோச்சு. அணை வேண்டாம்னு நான் சொல்லலை, நாம சாப்பிடற சோறு அதுல இருந்துதான் வருது. ஏற வர்ற மீனுக்கு ஏற்கெனவே வழி குறுகிப்போச்சு, மிச்ச வழியில நாமளும் போய் நிக்க வேண்டாம்னுதான் சொல்றேன்.

10/ இப்ப டாக்டரா பேசறேன். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டைன்னு வரிசையா கதவணைகள். ஏறி வர்ற மீன் கதவுக்குக் கீழே முட்டி நிக்கும். அதனால கூட்டமும் அங்கேதான் நிக்கும். ஷட்டர் தூக்கினா முதல்ல தண்ணி ஏறறதும் அதே இடம்தான். மீனுக்கு எது மோசமான இடமோ, மனுஷனுக்கும் அதுதான் மோசமான இடம்.

11/ “10,000 கன அடி”ன்னு செய்தியில வாசிச்சா நமக்கு ஒண்ணும் உறைக்காது. ஒரு கன அடி சுமார் 28.3 லிட்டர். 10,000 கன அடின்னா நொடிக்கு 2 லட்சத்து 83 ஆயிரம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் தண்ணி லாரி 23, ஒரே நொடியில உங்க காலுக்குக் கீழே போகுது. 2024ல அணை ஜூலை 28தான் திறந்தாங்க. ரெண்டே நாள்ல 120 அடி நிறைஞ்சு, அடுத்தடுத்த நாள்ல லட்சம் கன அடிக்கு மேல வெளியே போச்சு. காலையில உட்கார்ந்த பாறை சாயந்திரம் இருக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்லை.

12/ சில வருஷத்துக்கு முன்னாடி, தண்ணி வந்த வாரம், ஞாயித்துக்கிழமை. அடையாளம் தெரியாம இருக்க விவரங்களை மாத்தியிருக்கேன். தறியில வேலை பார்க்கற பையன், 19 வயசு. நடுப்பாறையில நின்னு தூண்டில் போட்டிருக்கான். தண்ணி ஏறினதை லேட்டாத்தான் கவனிச்சிருக்கான். கரைக்கு வர இறங்கினவனை இழுத்துட்டுப் போயிருச்சு. கொஞ்ச தூரம் தள்ளி பரிசல்காரர் ஒருத்தர்தான் தூக்கியிருக்காரு.

13/ தூக்கின பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவே ஆறாது. தலைகீழாத் தூக்கிச் சுத்தியிருக்காங்க. குப்புறப் போட்டு வயித்தை அமுக்கியிருக்காங்க. எல்லாரும் நல்லது செய்யறதா நினைச்சுத்தான் செஞ்சாங்க. கால் மணி நேரம் போயிருச்சு. மூச்சு மட்டும் யாரும் கொடுக்கலை. எங்ககிட்ட வரும்போது நாடி இல்லை. நாங்க நாப்பது நிமிஷம் பார்த்தோம். வரலை.

14/ வெளியே அவன் கூட்டாளி நின்னுட்டு இருந்தான். கையில ஒரு கேரி பேக். உள்ளே ரெண்டு மீன். அதை எங்க வைக்கறதுன்னு தெரியாம அப்படியே பிடிச்சுட்டு இருந்தான். அதுல ஒண்ணு வயிறு உப்பின சினை மீன். அதே வயசுல அதே மாதிரி பாறை மேல நானும் நின்னவன்தான். நான் திரும்பி வந்தேன், அவன் வரலை. வேற எந்த வித்தியாசமும் எங்களுக்குள்ள இல்லை.

15/ அதனால தயவுசெஞ்சு இதை மனசுல வச்சுக்குங்க. ஆத்துல ஒருத்தர் மூழ்கினா நீங்க குதிக்காதீங்க. கயிறு, வேட்டி, சேலை, மூங்கில் எது கிடைக்குதோ நீட்டுங்க. காலி 5 லிட்டர் எண்ணெய் கேனை மூடி இறுக்கிக் கயித்துல கட்டி வீசுங்க, ஒரு ஆளை மிதக்க வைக்க அது உதவும். தூண்டில் பையில கயிறும் கேனும் கட்டாயம் இருக்கணும்.

16/ வெளியே எடுத்ததும் வயித்தை அமுக்காதீங்க, சுத்தாதீங்க. மல்லாக்கப் படுக்க வச்சு, தலையைப் பின்னாடி சாய்ச்சு, மூச்சு இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா மூக்கைப் பிடிச்சுட்டு வாயோட வாய் வச்சு ரெண்டு தடவை ஊதுங்க. நெஞ்சு நடுவுல 30 அழுத்தம், மறுபடி ரெண்டு மூச்சு. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. ஒருத்தர் 108க்கு அடிக்கட்டும். காத்து இல்லாம நாலஞ்சு நிமிஷத்துலயே மூளை பாதிக்க ஆரம்பிச்சுடும். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழிச்சும் வரலாம்.

17/ அடுத்தது தூண்டில் முள். முள் நுனிக்குப் பின்னாடி எதிர்ப்பக்கமா ஒரு சின்ன முள் திரும்பியிருக்கும். மீன் கழண்டு போகாம இருக்கத்தான் அது. கைவிரல்ல ஏறினா கழண்டு வராததுக்கும் காரணம் அதுதான். புது முள் வாங்கினதும் கட்டிங் பிளேயர்ல அந்தச் சின்ன முள்ளை நசுக்கிடுங்க. நரம்பைத் தளர விடாம இழுத்தீங்கன்னா பெரும்பாலும் மீன் தப்பாது. விடணும்னா வாய் கிழியாம கழட்டலாம். உங்க கையில ஏறினாலும் வந்த வழியிலேயே சுலபமா வரும்.

18/ நசுக்காத முள் ஏறிட்டா இழுக்காதீங்க. நரம்பை வெட்டிட்டு அப்படியே வாங்க. மரத்துப்போற ஊசி போட்டு, நுனியை வெளியே தள்ளி, அந்தச் சின்ன முள்ளை வெட்டிட்டு எடுத்துடுவோம். டெட்டனஸ் ஊசி தேவைப்பட்டா போடுவோம். கண்ணுலயோ இமையிலயோ ஏறினா தொடவே கூடாது. அழுத்தாம பேப்பர் கப் கவுத்து ஒட்டிட்டு நேரா கண் டாக்டர்கிட்ட போகணும். தூண்டிலை வீசும்போது பின்னாடி குழந்தைங்க நிக்குதான்னு ஒரு தடவை திரும்பிப் பாருங்க.

19/ கெளுத்தி குத்தினா? அதோட முள்ளுல லேசான விஷம் உண்டு, உயிர் போற மாதிரி கடுக்கும். சுண்ணாம்பு, பெட்ரோல் எதுவும் வேண்டாம். கை தாங்கற சூட்டுல வெந்நீர்ல அரை மணி நேரத்துக்குக் குறையாம முக்கி வைங்க. வலி நல்லா இறங்கும். முள் உடைஞ்சு உள்ளே நின்னாலோ, வீக்கம் ஏறிட்டே போனாலோ ஆஸ்பத்திரிக்கு வாங்க. சர்க்கரை நோயாளிங்க யோசிக்கவே யோசிக்காதீங்க, உடனே வாங்க.

20/ எதை விடணும்? முட்டையிடற காலம் ஆடிப்பெருக்கோட முடிஞ்சுடாது. அதனால எப்பப் பிடிச்சாலும் வயிறு உப்பின நாட்டுக் கெண்டையை விட்டுடுங்க. கை நனைச்சுட்டுத்தான் தொடணும், காஞ்ச கை பட்டா மேல இருக்கற வழுவழுப்புப் போயிடும். செவுள்ல விரலை விட்டுத் தூக்காதீங்க. தண்ணிக்குள்ளயே முள்ளைக் கழட்டி, தலையை ஓட்டத்துக்கு எதிரா பிடிச்சுக்குங்க. அதுவா வாலை அடிச்சுட்டுப் போகும். செல்ஃபி எடுத்தே ஆகணும்னா ஒண்ணே ஒண்ணு, நீங்க மூச்சு அடக்கற நேரத்துக்குள்ள.

21/ மேலே ஒகேனக்கல் பக்கம் பொம்மீன்னு சொல்ற மஹசீர் கிடைச்சா அது சாதாரண மீன் இல்லை. முதுகு புடைச்ச அந்த மஹசீர் உலகத்துலயே காவிரிப் படுகையில மட்டும்தான் இருக்கு. 2018ல இருந்து அழிவின் விளிம்புல இருக்கற இனமா பட்டியல்ல இருக்கு. உடனே விட்டுடணும். எடுத்துட்டு வரலாம்னா ஜிலேபியை எடுங்க. 1952ல வெளியில இருந்து வந்த இனம், எவ்வளவு பிடிச்சாலும் பெருகும். ஆப்பிரிக்கக் கெளுத்தி சிக்கினா மறுபடி ஆத்துல விடாதீங்க. அது வளர்க்கவே தடை செஞ்ச மீன், நம்ம மீன் குஞ்சுங்களைத் தின்னு தீர்க்கறது.

22/ கரண்ட் வச்சுப் பிடிக்கறது, வெடி போடறது, மருந்து கலக்கறது, இதெல்லாம் மீன்பிடி இல்லை. வெடியும் விஷமும் போட்டு மீன் பிடிக்கக் கூடாதுன்னு 1897லயே சட்டம் வந்தாச்சு. வெடியில விரல் போன கையை நான் தைச்சிருக்கேன். ஈரத்துல நின்னு கரண்ட் விட்டவங்கள்ல சிலர் எங்ககிட்ட வந்து சேர்றதே இல்லை. அறுந்த நரம்பையும் அப்படியே போட்டுட்டு வராதீங்க. கொக்கு காலுல சுத்தும், நாளைக்குக் குளிக்க இறங்கற குழந்தை காலுலயும் சுத்தும்.

23/ உரிமம் வாங்கி, பரிசல்ல போய் வலை வீசிப் பிழைக்கறவங்களுக்கு நான் புத்தி சொல்ல வரலை. ஆத்தைப் பத்தி என்னைவிட அவங்களுக்கு நல்லாத் தெரியும். அன்னைக்கு அந்தப் பையனைத் தூக்கினதும் அவங்கள்ல ஒருத்தர்தான். நான் சொல்றது பொழுதுபோக்குக்குப் போற நமக்கு. மீன் கிடைக்கலைன்னா நம்ம வீட்டுல அடுப்பு எரியாம போயிடாது. ஜேடர்பாளையத்துல வறுவல் கடையில காசு கொடுத்தா தட்டுல வருது. நம்மால காத்திருக்க முடியும். நாமதான் காத்திருக்கணும்.

24/ அப்புச்சி இப்ப இல்லை. பரண் இருக்கு, கோல் இருக்கு. இந்த ஞாயித்துக்கிழமை என் பொண்ணைக் கூட்டிட்டுப் படித்துறைக்குப் போறேன், தூண்டில் இல்லாம. மேல் படியில உட்கார்ந்து தண்ணி வர்றதைப் பார்த்துட்டு வரப் போறோம். “எப்பப்பா மீன் பிடிக்கறது?”ன்னு இப்பவே கேட்க ஆரம்பிச்சுட்டா. ஆடிப்பெருக்கு கழியட்டும் சாமின்னு சொல்லியிருக்கேன்.

உங்க ஊர் ஆத்தோரம் பாறையில நிக்கற பசங்களைப் பார்த்தா, சிரிச்சாலும் பரவாயில்லை, ஒரு தடவை மேலே கூப்பிடுங்க.