எங்க நிக்கிறியள்?

ஸ்காபரோவில் எங்கட சனம் ஃபோனை எடுத்ததும் முதல் கேட்கிற கேள்வி, "எங்க நிக்கிறியள்?" மார்க்கம் ரோட், கிங்ஸ்டன் ரோட், 401 ட்ராஃபிக் என்று பதில் வரும். இதே கேள்விக்கு ஃபோன் இல்லாமலே பதில் சொல்லுகிற ஆட்களும் இங்கே இருக்கினம்: ஹாம் ரேடியோக்காரர்.

அதைப் பார்க்க நல்ல இடம் ஸ்காபரோ பிளஃப்ஸ். ஒன்ராறியோ ஏரிக்கு மேலே 90 மீட்டர் வரை எழும்பி நிற்கிற மண்சுவர். நாங்கள் பாவிக்கிற அலை கிட்டத்தட்டக் கண்பார்வை போலத்தான் போகும்; உயரம் கூடினால் தூரமும் கூடும். வார இறுதியில் கையடக்க ரேடியோவோடு அங்கே நின்றால், சின்னத் திரையில் ஒவ்வொரு அழைப்புக்குறியாக வரும். இது கார், இது வானிலை நிலையம், இன்னார் இத்தனை கிலோமீட்டரில், இந்தத் திசையில்.

இந்த முறைக்குப் பெயர் ஏபிஆர்எஸ். உருவாக்கியவர் 2022இல் மறைந்த அமெரிக்கப் பொறியியலாளர் பாப் புருனிங்கா. ஜிபிஎஸ் தரும் இடத்தை ரேடியோ ஒரு சின்னப் பொதியாக்கி 144.390 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும். வட அமெரிக்கா முழுக்க இதே அலைவரிசைதான். உயரத்தில் இருக்கும் நிலையம் அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும். இன்னொன்று இணையத்துக்குக் கொடுக்கும். வேகம் செக்கனுக்கு 1200 பிட். என்னைப் போல மென்பொருள் எழுதுகிறவருக்குச் சிரிப்பு வரும். ஆனால் இடத்தைச் சொல்ல அது காணும்.

ஃபோனிலேயே எல்லாம் இருக்கே என்று கேட்பீர்கள். 2022 ஜூலை 8ஆம் திகதியை நினைத்துப் பாருங்கோ. ஒரு பெரிய நிறுவனத்தின் வலையமைப்பு விழுந்து, நாடு முழுக்கக் கனபேருக்கு ஃபோனும் இல்லை, இணையமும் இல்லை. அப்படியான நாளில் இணைய வரைபடம் நின்றாலும், ரேடியோவுக்கு ரேடியோ போகும் பொதி நிற்காது. 2004 சுனாமியின்போது அந்தமானுக்கு ஹாம் ரேடியோவோடு போயிருந்த பாரதி பிரசாத், போர்ட் பிளேயரிலிருந்து உறவுகளின் செய்திகளை வெளியே அனுப்பினார். அது குரலால் நடந்த வேலை, தேவை ஒன்றுதான்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "உதென்ன விசர் வேலை? நிக்கிற இடத்தை ஊருக்கெல்லாம் சொல்லுவினமே?" சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்தவரின் கேள்வி, பிழை சொல்ல ஏலாது. ஏபிஆர்எஸ்ஸில் ஒளிவுமறைவு இல்லை. பொதியை யாரும் வாசிக்கலாம். அதனால் வீட்டுக்குக் கிட்ட வர முதலே நான் அனுப்புவதை நிறுத்திவிடுவேன். ஃபோன் எனக்குத் தெரியாமலும் என் இடத்தைச் சொல்லும். ரேடியோ நான் விட்டால்தான் சொல்லும். இந்த வித்தியாசத்தை விளங்கப்படுத்தினபிறகு அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி போடப் போய்விட்டா.

பிள்ளைகளுக்குக் காட்ட விருப்பமென்றால் ஏபிஆர்எஸ் டாட் எஃப்ஐ தளத்தில் ஸ்காபரோவைத் தேடுங்கோ; பார்க்க உரிமம் வேண்டாம். அனுப்பத்தான் வேண்டும். கனடாவில் அடிப்படைப் பரீட்சைக்கு 100 கேள்விகள், 70 எடுத்தால் சித்தி. பிளஃப்ஸுக்குப் போனால் விளிம்பிலிருந்து தள்ளியே நில்லுங்கோ. அந்த மண் இன்னும் சரிந்துகொண்டுதான் இருக்கிறது.