கழுவாய்

பெரிய வெள்ளியன்று மும்மணி நேர ஆராதனையில் அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுவாள். "எனக்காக அடிபட்டாரே" என்பாள். வீட்டில் அப்பாவிடம் வாங்கிய அடிகளுக்கு அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. ஒருமுறை உதடு கிழிந்து போதகரிடம் போனாள். "இயேசு வாயைத் திறக்கலையேம்மா. உங்க சிலுவையை நீங்க சுமங்க" என்று ஜெபித்து அனுப்பினார். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு.

நம் பாவத்துக்கான தண்டனையைக் கிறிஸ்து நமக்குப் பதிலாக ஏற்றார் என்பது நம்பிக்கை. சிலுவைக்குத் திருச்சபை கண்ட ஒரே பொருள் இதுவல்ல. தொடக்க நூற்றாண்டுகளில் பலருக்கு அது சாவின்மேல் கிடைத்த வெற்றி. 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆன்செல்ம், பாவத்தால் கடவுளின் மகிமைக்கு நேர்ந்த இழுக்கை ஈடுசெய்யும் செயலாக அதை விளக்கினார். அந்த ஈட்டைத் தண்டனையாக அழுத்திச் சொன்னவர்கள் 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகள். அவர்களில் கால்வின் சட்டம் பயின்றவர்.

மகன் வதைபடுவதைத் தந்தை வேண்டினார் என்று போதிக்கும் இறையியல், அடிபடும் பெண்ணுக்கு எதைக் கற்றுத்தரும் என்று 1989இல் ஜோன் கார்ல்சன் பிரவுனும் ரெபெக்கா பார்க்கரும் கேட்டார்கள். 1993இல் டெலோரஸ் வில்லியம்ஸ், எசமானியின் குழந்தைக்குப் பாலூட்டவும் ஆணுக்குப் பதிலாக வயலில் உழைக்கவும் கட்டாயப்படுத்தப்பட்ட கறுப்பின அடிமைப் பெண்களை நினைவூட்டினார். பிறருக்குப் பதிலாளாக நிற்பது அவர்களுக்கு மீட்பல்ல, வாழ்நாள் தண்டனை.

எங்கள் பழைய வேதாகமத்தில் 'கிருபாதாரபலி' என்றிருக்கும் இடத்தில், கத்தோலிக்கரும் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் 'கழுவாய்' என்றிருக்கிறது. புறநானூற்று 34ஆம் பாட்டின் சொல். பெண்ணின் கருவைச் சிதைத்தவனுக்கும் கழுவாய் உண்டு என்கிறது அது. வகுப்பில் அதை நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறைக்கும்: கழுவாய் அங்கே தவறு செய்தவனுக்குரியது. அடிபட்டவளிடம் யாரும் அதைக் கேட்கவில்லை.

அப்பா இறந்தபின் ஒரு பெரிய வெள்ளியன்று இதை அம்மாவிடம் சொன்னேன். கோயிலுக்குப் போய்வந்த வெள்ளைச் சேலையை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அவரு ஒரே தரம் பட்டாருன்னுதானட்டி வேதத்துல போட்டிருக்கு? எல்லாருக்கும் சேத்துப் பட்டாச்சு. பொறவு நான் எதுக்குப் பட்டேன்?"

எபிரெயர் நிருபம் சொல்வதும் அந்த 'ஒரேதரம்'தான். போதகருக்கான பதில் அம்மாவின் நம்பிக்கைக்குள்ளேயே இத்தனை ஆண்டுகள் இருந்திருக்கிறது. அதை அவள் சொல்ல ஒரு சாவு வேண்டியிருந்தது. சிலுவையில் நடந்த சாவைச் சொல்லவில்லை.